பேய் வீடும் பேசாத வீடும்

'அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்' என்பது நம் முன்னோர் சொல்லிவைத்த பழமொழி. சிறு வயது முதல் இதைக் கேட்டு வளர்ந்த நாங்கள், கோழைகளைக் கேலி செய்யவே இது பிறந்தது என்று எண்ணியிருந்தோம். மனிதன் ஏன் அரள்கிறான், எதைக் கண்டு அரள்கிறான் என்று ஒருநாளும் நின்று யோசித்ததில்லை. இவ்வாண்டு எங்களை அவ்வாறு யோசிக்க வைத்தவை இரண்டு. ஒன்று, ஒரு தொலைக்காட்சித் தொடர். மற்றொன்று, நம் பள்ளித் தங்கை ஒருத்தியின் வீடு. இரண்டையும் ஒருசேர வைத்து எங்கள் கருத்தை இம்மலரில் எழுதத் துணிந்தோம். பிழையிருப்பின் பெரியோர் பொறுத்தருள்க.

தொடரும் அதைப் பார்த்தவர்களும்

2018ஆம் ஆண்டு அக்டோபர் 12ஆம் நாள், நெட்ஃப்ளிக்ஸ் நிறுவனம் 'தி ஹாண்டிங் ஆஃப் ஹில் ஹவுஸ்' என்னும் ஆங்கிலத் தொடரைப் பத்துப் பகுதிகளாக வெளியிட்டது. இயக்கியவர் மைக் ஃபிளனகன். அமெரிக்க எழுத்தாளர் ஷெர்லி ஜாக்சன் 1959இல் எழுதிய நாவலின் பெயரையும் அதில் வரும் மாளிகையையும் எடுத்துக்கொண்டு, கதையைப் பெரிதும் மாற்றி அமைத்திருந்தார். எங்களுள் சிலர், கல்லூரியில் படிக்கும் அக்காமார் விடுமுறைக்கு வந்தபோது அவர்கள் அருகில் அமர்ந்து சில பகுதிகளைப் பார்த்தோம். மீதிக் கதையை அவர்கள் வாயிலாகவே கேட்டறிந்தோம். இது பெரியவர்களுக்கென்று வகுக்கப்பட்ட தொடர். ஆகவே, "தங்கையரே, நீங்களும் பாருங்கள்" என்று சொல்வதற்காக இதை நாங்கள் எழுதவில்லை.

கதைச் சுருக்கம் இதுதான். பழைய மாளிகை ஒன்றை வாங்கிச் செப்பனிட்டு விற்கலாம் என்ற எண்ணத்தோடு ஒரு தாயும் தந்தையும் ஐந்து பிள்ளைகளோடு அதில் குடியேறுகின்றனர். ஓரிரவு தந்தை பிள்ளைகளை வாரி எடுத்துக்கொண்டு காரில் தப்பி ஓடுகிறார். தாய் அவ்வீட்டிலேயே இறந்துபோகிறார். அன்றிரவு நடந்தது என்ன என்பதைத் தந்தை பிள்ளைகளிடம் சொல்லவே இல்லை. அவர்களைக் காப்பதாக எண்ணி ஆண்டுக் கணக்கில் வாயை மூடிக்கொள்கிறார்.

பிள்ளைகளும் வளர்கின்றனர். மூத்தவன் அவ்வீட்டைப் பற்றிப் புத்தகம் எழுதிப் பெயரும் பணமும் சேர்க்கிறான். அவனுக்கு அடுத்த தங்கை, "அம்மாவை விற்ற பணம் எனக்கு வேண்டாம்" என்ற மனத்தினளாய் அதைத் தொட மறுக்கிறாள். இறந்தோரின் உடல்களை அடக்கத்துக்கு ஒழுங்குபடுத்துவதே அவளுடைய தொழில். இன்னொரு தங்கை யார் மீதும் தன் விரல் படாதபடி எந்நேரமும் கையுறை அணிந்திருக்கிறாள். இளையவன் போதைக்கு அடிமையாகிறான். அவனுடன் இரட்டையாய்ப் பிறந்த கடைக்குட்டிப் பெண்ணுக்கோ இளமை முதலே இரவில் தூக்கமில்லை. ஒருநாள் அவள் தொலைபேசியில் அழைக்கிறாள். மூத்த அண்ணன் வேலை மும்முரத்தில் பெயரைப் பார்த்துவிட்டு எடுக்காமல் வைத்துவிடுகிறான். பிறகு அவள் இவ்வுலகில் இல்லை. அவளுடைய மரணந்தான் பிரிந்து கிடந்த குடும்பத்தை ஓரிடத்தில் கூட்டுகிறது.

இதைப் பார்த்தவர்கள் எவ்வாறு நடந்துகொண்டனர் என்பது கதையைப் போலவே சுவையானது. முதல் வகையினர் அஞ்சியவர்கள். தூக்கம் போயிற்று, மயக்கம் வந்தது, வாந்தி எடுத்தோம் என்றெல்லாம் தொடர் வெளிவந்த சில நாட்களிலேயே பலர் எழுத, செய்தித்தாள்களும் அதை வெளியிட்டன. இரண்டாம் வகையினர் தேடியவர்கள். இயக்குநர் பல காட்சிகளின் பின்புறத்தில், கதவோரத்திலும் இருண்ட மூலையிலும், அசையாத பேயுருவங்களை ஒளித்து வைத்திருந்தார். அவற்றைப் படத்தை நிறுத்தி நிறுத்தி எண்ணுவதே இவர்களுக்கு விளையாட்டாயிற்று. மூன்றாம் வகையினர் அழுதவர்கள். "இது பேய்க்கதை இல்லை, எங்கள் வீட்டுக் கதை" என்று தம் தாயையும் தம்பியையும் நினைத்து அழுதவர்கள். நான்காம் வகையினர் குறை கண்டவர்கள். இறுதியில் எஞ்சிய உடன்பிறப்புகள் ஒன்றுகூடுவது மிகவும் இனிப்பாக இருக்கிறது, பேய்க்கதைக்கு இது பொருந்தாது என்றனர். இருண்ட முடிவு ஒன்றை முதலில் எண்ணிப் பின்னர் கைவிட்டதாக இயக்குநரே கூறியிருக்கிறார்.

இந்நால்வரில் தொடரைச் சரியாகப் பார்த்தவர் யார்? அழுதவர்களே என்பது எங்கள் கருத்து. அதற்குக் காரணம் மூல நாவலிலேயே இருக்கிறது. அந்நாவலின் நாயகி எலினார், நோயுற்ற தாயைப் பதினோரு ஆண்டுகள் பேணியவள். தாய் இறந்த இரவில் சுவரைத் தட்டித் தட்டி அழைத்தபோது தான் எழாமல் போய்விட்டோமே என்ற எண்ணம் அவள் நெஞ்சை அரித்துக்கொண்டே இருக்கிறது. பின்பு அவள் அம்மாளிகைக்கு வருகிறாள். அங்கே பேய் என்ன செய்கிறது? இரவில் சுவரையும் கதவையும் தட்டுகிறது! நாவலில் எழுந்து போகாத மகள், தொடரில் தொலைபேசியை எடுக்காத அண்ணன். இரண்டிலும் பேய் என்பது நாம் பதில் சொல்லாமல் விட்ட ஓர் அழைப்பு. அஞ்சியவர் பேயைக் கண்டனர். தேடியவர் பேயை எண்ணினர். அழுதவரோ அந்த அழைப்பைக் கேட்டனர்.

நம் வீட்டுத் திரையில்

இது மேனாட்டார் கற்பனை, நமக்கென்ன என்று சிலர் கேட்கலாம். நம் பெற்றோர் இளமையில் பார்த்த 'மர்மதேசம்' தொடரை அவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி, நாகா இயக்கிய 'விடாது கருப்பு' 1990களில் சன் தொலைக்காட்சியில் வந்த காலத்தில், இரவில் கொல்லைப்புறம் போகத் துணைக்கு ஆள் தேடியதாக எங்கள் அம்மாக்கள் இன்றும் சொல்லிச் சிரிக்கின்றனர். அதே நாகா 2010இல் 'ஆனந்தபுரத்து வீடு' என்ற திரைப்படத்தை எடுத்தார். கடன் தொல்லையோடு மனைவியையும் வாய் பேசாத சிறு மகனையும் அழைத்துக்கொண்டு ஒருவன் தன் பூர்வீக வீட்டுக்கு வருகிறான். அவ்வீட்டில் ஆவிகள் உலவுகின்றன. அவை யாருடையவை? இறந்துபோன அவனுடைய பெற்றோருடையவை. அவை கெடுக்க வரவில்லை, காக்க வந்தவை.

இப்படத்தைத் தொலைக்காட்சியில் நாங்கள் வீட்டாரோடு பார்த்தபோது தம்பிமார், "இதென்ன பேய்ப்படம்? பயமே இல்லையே!" என்று எழுந்து போய்விட்டனர். பாட்டியோ கடைசிவரை பார்த்துவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பெத்தவங்க எங்கே போவாங்க?" என்றார். ஒரே கூடத்தில், ஒரே படத்துக்கு, இரு வகைப் பார்வையாளர்! யாரையேனும் இழந்தவர் ஒரு படத்தைப் பார்ப்பது வேறு. இழக்காதவர் பார்ப்பது வேறு. இந்த உண்மை அன்று எங்களுக்கு விளங்கவில்லை. விளங்கியிருந்தால் இனிச் சொல்லப்போகும் தவற்றைச் செய்திருக்க மாட்டோம்.

எங்கள் குற்றம்

நம் ஊரைப் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் உருக்காலைகளிலும் இரசாயனத் தொழிற்சாலைகளிலும் நம் தந்தையர் பலர் ஷிப்டு முறையில் உழைக்கின்றனர். நாட்டின் பல மாநிலங்களிலிருந்தும் வந்தவர்கள் லைன் வீடுகளில் அடுத்தடுத்து வாழ்கின்றனர். இங்கே ஒருவர் இறந்தால் பெரும்பாலும் உடல் ஆம்புலன்சில் சொந்த ஊருக்குப் போய்விடும். அழுவதற்குரிய ஆட்களும் ஊரோடு இருப்பார்கள். சில நாட்கள் கழித்து, மனைவி மக்கள் மட்டும் இங்கே திரும்புவர். பள்ளியும் வாடகையும் இங்கே இருக்கின்றனவே! ஊரில் ஒப்பாரி, இங்கே மௌனம்.

அவ்வாறு திரும்பியவள்தான் எங்களோடு மதிய உணவு உண்ணும் ஒன்பதாம் வகுப்புத் தங்கை. தொழிற்சாலை விபத்து ஒன்றில் அவள் தந்தையை இழந்து, பதினாறாம் நாள் காரியம் முடிந்து பள்ளிக்கு வந்திருந்தாள். அவளிடம் என்ன பேசுவது என்று எங்களுக்குத் தெரியவில்லை. ஆகவே ஒன்றும் பேசாமல் இருப்பதே நாகரிகம் என்று எண்ணினோம். இரண்டு வாரம் அவ்வாறு சென்றது. பிறகு ஒருநாள், வேப்பமரத்தடியில் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு, மேற்சொன்ன தொடரைப் பற்றி நாங்கள் உரக்கப் பேசினோம். எந்தக் காட்சியில் எத்தனை பேய், எந்தக் கதவுக்குப் பின்னால் எந்த முகம் என்று போட்டி போட்டு எண்ணினோம். ஒருத்தி, செத்தவர் எப்படி நடந்து வருவார் என்று நடித்தும் காட்டினாள். எல்லாரும் சிரித்தோம். அத்தங்கை பாதிச் சோற்றோடு டப்பாவை மூடிக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

அன்று மாலை சிஸ்டர் ஒருவர் எங்களை அழைத்தார். திட்டுவார் என்று நடுங்கிக்கொண்டு போனோம். அவர் திட்டவில்லை. "அவ அப்பாவைப் பத்தி உங்களில் யாராவது அவகிட்ட கேட்டீங்களா?" என்று மட்டும் கேட்டார். பதில் சொல்ல ஒருத்திக்கும் வாய் எழவில்லை. தொலைபேசியை எடுக்காத அந்த அண்ணனைக் கல்நெஞ்சன் என்று திட்டியவர்கள் நாங்கள். நாங்கள் மட்டும் என்ன செய்தோம்?

அம்மம்மாவின் மாலைச் செபம்

அன்று எங்களுக்கு வழி காட்டியவள் எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி. கும்மிடிப்பூண்டியிலுள்ள இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமிலிருந்து வருபவள். அவளுடைய அம்மம்மா போரில் உற்றார் பலரை இழந்தவர். சிலருக்குக் கல்லறை உண்டு. சிலருக்கு அதுவும் இல்லை. என்ன ஆனார் என்றே தெரியாதவரும் உண்டு. தினமும் மாலைச் செபமாலை முடிந்ததும் அம்மம்மா அத்தனை பேரையும் பெயர் சொல்லி நினைப்பாராம். ஒவ்வொரு பெயரோடும் ஒரு சிறு கதையும் வருமாம். இவர் மாம்பழம் திருடி அடி வாங்கியவர், இவர் கோயிலில் மணி அடித்தவர், இவள் நன்றாகப் பாடுவாள் என்று. "நாங்க அவங்களைப் பார்த்ததே இல்லை. ஆனா எல்லாரையும் தெரியும். எங்க வீட்டில பேய் கிடையாது, பெரியவங்கதான் இருக்காங்க" என்றாள் தோழி.

அம்மம்மா படித்தவரல்லர். ஆயினும் அத்தொடரின் தந்தை ஆண்டுக் கணக்கில் செய்யத் தவறியதை அவர் நாள்தோறும் செய்கிறார். அங்கே பெரிய மாளிகையில் மரணத்தை மறைத்தார்கள். அது பேயாய் உலவியது. இங்கே முகாமின் சிறு வீட்டில் மரணத்தைப் பேசுகிறார்கள். அது உறவாய் இருக்கிறது.

அடுத்த சனிக்கிழமை சிஸ்டரோடு அத்தங்கையின் வீட்டுக்குப் போனோம். சந்தின் முனையில் விளையாடிய சிறுவர்கள், "அது பேய் வீடு அக்கா, போகாதீங்க" என்றனர். எங்களுக்கு உடல் கூசியது. உள்ளே பேய் இல்லை. ஆணியில் மாட்டிய ஒரு சட்டை இருந்தது. நான்கு வயதுத் தம்பி ஒருவன் இருந்தான். அவனிடம், "அப்பா நைட் ஷிப்டு போயிருக்கார்" என்று சொல்லி வைத்திருந்தார்கள். நைட் ஷிப்டு முடிந்து ஆட்களை இறக்கிவிடும் கம்பெனி வேனின் சத்தம் கேட்டால், விடிகாலையில் அவன் எழுந்து வாசலுக்கு ஓடுவானாம். "நான் என்ன செய்யட்டும் சிஸ்டர்? அன்னைக்கு ஏதோ வாயில வந்ததைச் சொல்லிட்டேன். இப்ப மாத்திச் சொல்ல வாய் வரலை" என்று அவன் தாய் தலை குனிந்தார்.

நாங்கள் ஆறுதல் மொழி எதுவும் சொல்லவில்லை, சொல்லவும் தெரியாது. தோழிதான் அத்தங்கையைப் பார்த்து, "உங்கப்பா எப்படி இருப்பார்?" என்று கேட்டாள். அவ்வளவே. சம்பளத்தன்று ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் பன் வாங்கி வந்து மூன்றாய்ப் பிய்த்து, பெரிய துண்டு யாருக்கு என்று சீட்டுக் குலுக்குவார் என்று அவள் தொடங்கினாள். சொல்லிக்கொண்டே சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். தாயும் சேர்ந்துகொண்டார். "ஊரிலிருந்து வந்த பிறகு இன்னைக்குத்தான் இந்த வீட்டுக்குள்ள அவரைப் பத்திப் பேசறோம்" என்றார். சிறுவன் வாயில் விரலை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான்.

பின்னர் ஊருக்குப் போனபோது தாய் அவனை இடுகாட்டுக்கு அழைத்துச் சென்று உண்மையைச் சொல்லிவிட்டார். மூன்று நாள் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டு அழுதானாம். இப்போது வாசலுக்கு ஓடுவதில்லை. ஆனாலும் வேன் சத்தம் கேட்டால் சில நாள் தலையைத் தூக்கிப் பார்க்கிறான் என்கிறாள் அக்காள். துக்கம் ஒரே நாளில் தீர்ந்துவிடும் என்று நாங்கள் பொய் சொல்ல மாட்டோம். (தாய், மகள் இருவரின் சம்மதத்தோடு, பெயர் குறிப்பிடாமல் இதை எழுதுகிறோம்.)

படிக்கட்டு அன்று

அத்தொடரின் பார்வையாளர் சிலர் இன்னொன்றும் கண்டுபிடித்தனர். ஐந்து உடன்பிறப்புகளும் துக்கத்தின் ஐந்து நிலைகளைக் குறிக்கின்றனர் என்றனர்; இயக்குநரும் அதை ஒப்புக்கொண்டார். மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு என்னும் இவ்வைந்தையும், எலிசபெத் கூப்ளர் ராஸ் என்ற மருத்துவ அம்மையார் 1969இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். சாவை எதிர்நோக்கிய நோயாளிகளோடு பேசிப் பேசி அவர் கண்டவை இவை. பயனுள்ள கருத்துத்தான். ஆனால் துக்கம் பள்ளிக்கூட மாடிப்படி போல வரிசையாய் ஏறிமுடிப்பதன்று. நம் பாட்டிமாரின் ஒப்பாரியைக் கேட்டவர்களுக்கு இது தெரியும். இறந்தவரைப் புகழ்வதும், "என்னை விட்டுப் போனாயே" என்று ஏசுவதும், எழுந்து வா என்று கெஞ்சுவதும், விதியை நோவதும் ஒரே மூச்சில் அங்கே வரும். எழுதப் படிக்கத் தெரியாத நம் மகளிர் துக்கத்தைப் பேசுவதற்கென்றே ஒரு கலையை வளர்த்திருந்தனர். லைன் வீட்டுக்கும் அடுக்குமாடிக்கும் வந்த நாம் அக்கம்பக்கத்துக்கு அஞ்சி அதை விட்டுவிட்டோம். அதற்கு ஈடாக வேறொன்றையும் கைக்கொள்ளவில்லை.

அழுவது விசுவாசக் குறைவு என்று எண்ணுவோரும் உண்டு. அவர்கள் யோவான் நற்செய்தியின் பதினோராம் அதிகாரத்தைப் படிக்க வேண்டுகிறோம். லாசரை உயிர்ப்பிக்கப் போவதை அறிந்திருந்தும் ஆண்டவர் அவனுடைய கல்லறையருகே கண்ணீர் விட்டார் அன்றோ! நவம்பர் 2ஆம் நாள் கல்லறைத் திருநாளில் புல்லைச் செதுக்கி, பூ வைத்து, மெழுகுதிரி ஏற்றி, பெயர் சொல்லி மன்றாடுகிறோம். பிற சமயத்தார் திவசமும் படையலும் செய்கின்றனர். இவையெல்லாம் இறந்தோரின் பெயரை வீட்டுக்குள் ஒலிக்கச் செய்யும் வழிகளே. ஆண்டுக்கு ஒருநாள் மட்டும் அது போதுமா என்பதே எங்கள் கேள்வி.

நாங்கள் கேட்டுக்கொள்வது

பெற்றோரே, "அப்பா ஊருக்குப் போயிருக்கார்", "பாட்டி சாமிகிட்டத் தூங்குது" என்று சிறு பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள். நீங்கள் இரக்கத்தால் சொல்வதை அவர்கள் அப்படியே நம்பி வாசலில் காத்திருப்பார்கள். உண்மையைச் சின்னஞ்சிறு சொற்களில் சொல்லுங்கள். சொல்லும்போது நீங்களும் அழுதால் குற்றமில்லை. பிள்ளைகள் பேய்க்கதை பார்க்கிறார்களே என்று கவலைப்படும் அன்னையரே, தந்தையரே, உங்கள் கவலை நியாயமானது. சிறு பிள்ளைகளுக்கு ஒவ்வாததைத் தடுங்கள். ஆனால் பெட்டியை அணைத்ததும் கடமை முடிந்தது என்று எண்ணாதீர்கள். "அதில் எதைப் பார்த்துப் பயந்தாய்?" என்று பக்கத்தில் அமர்ந்து கேளுங்கள். மகள் சொல்லும் பதிலில் உங்கள் வீட்டுச் செய்தி ஏதேனும் இருக்கலாம்.

தோழியரே, தங்கையரே, துக்கத்தோடு திரும்பும் ஒருத்தியைக் கண்டால் விலகி நடக்காதீர்கள். புத்திமதி தேடவும் வேண்டாம். இறந்தவரின் பெயரைச் சொல்லி, "அவர் எப்படி இருப்பார்?" என்று கேளுங்கள். அவள் பேசினால் கேளுங்கள். பேசாவிட்டால் பக்கத்தில் அமர்ந்து சாப்பிடுங்கள். வீட்டிலிருந்து அழைப்பு வந்தால் எடுங்கள். யாருடைய அழைப்பு எதற்கென்று நமக்குத் தெரியாது.

வேப்பமரத்தடியில் இப்போதும் நாங்கள் அத்தங்கையோடுதான் சாப்பிடுகிறோம். சென்ற வாரம் அவள் ஒரு பன் கொண்டு வந்தாள். அப்பாவின் பிறந்தநாளாம். அதை ஏழாய்ப் பிய்த்து, பெரிய துண்டு யாருக்கு என்று சீட்டுக் குலுக்கினாள். அந்தத் துண்டு எங்கள் யாருக்கும் விழவில்லை, அவளுக்கே விழுந்தது. "அப்பா ஏமாத்துறார்" என்று சிரித்தாள். நாங்களும் சிரித்தோம், இம்முறை அவள் எழுந்து போகவில்லை.